எப்பப் பார்த்தாலும் 96... உடம்பு ஏன் சூடேற மாட்டேங்குது?

“டாக்டரு, காலைல பார்த்தாலும் 96, சாயங்காலம் பார்த்தாலும் 96. 98ஐ நான் கண்ணாலயே பார்த்ததில்ல. என் ஒடம்புல சூடே இல்லியா?”

காலடிப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு கொரோனாவுக்குப் பிறகு பழகிப்போன கேள்வி இது. அதற்கு முன்பு காய்ச்சல் வந்தால்தான் தெர்மாமீட்டரைத் தேடுவார்கள். கொரோனா வந்ததும் மணலி, எண்ணூர் பக்கத்து கம்பெனி வாசல்களில் தொடங்கி மளிகைக்கடை வாசல் வரை நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டினார்கள். அது போனது. துப்பாக்கி மட்டும் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. கையில் கருவி இருந்தால் சும்மா இருக்க முடியுமா? எடுத்துப் பார்க்கிறோம். 96.1, 95.8, 96.4. உடனே போனில் தேடுகிறோம். ‘உடல் வெப்பம் குறைவு’ என்று அடித்தால் தைராய்டில் ஆரம்பித்து மூளைக்கட்டி வரை வந்து நிற்கிறது. மறுநாள் தள்ளுபடி விலையில் ‘ஃபுல் பாடி செக்கப்’ எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டுடன் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே இருப்பதில்லை. ஆனால், சிலருக்கு இருக்கிறது. அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனை வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். வரிசை மாறினால் சில நேரம் உயிருக்கே ஆபத்து. அதையும் சொல்கிறேன்.

98.6 எங்கிருந்து வந்தது?

எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டான ஊர், அவர் பெயராலேயே ‘காலெட் பேட்டை’. வாய்க்கு வாய் மாறி அது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இப்போது யாரைக் கேட்டாலும் ஏதோ சாமியின் காலடி பட்ட இடம் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

98.6 என்ற எண்ணின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து டாக்டர் வுண்டர்லிஷ், சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 1868இல் ஒரு புத்தகம் எழுதினார். மனித உடலின் சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்றார். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. ‘ஏறக்குறைய 37’ என்று இருந்தது, கணக்குப் போட்டவுடன் புள்ளி வைத்த துல்லியமான எண்ணாகிவிட்டது. அந்தப் புள்ளிக்கு உடம்பு கட்டுப்பட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

1992இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமானவர்களை வைத்து மறுபடி அளந்து பார்த்தார்கள். வாயில் எடுத்த சராசரி 98.2தான். எடுத்த 700 அளவுகளில் சரியாக 98.6 வந்தது வெறும் 8 சதவிகிதம். 2020இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. 1862 முதல் 2017 வரை அமெரிக்காவில் பதிவான ஆறே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான அளவுகளைப் பார்த்தால், தலைமுறைக்குத் தலைமுறை மனித உடம்பின் சராசரி வெப்பம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஆண்களைவிட இன்றைய ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவு. காசநோய், ஈறு வீக்கம், ஆறாத புண் என்று அந்தக் காலத்தில் உடம்புக்குள் எப்போதும் ஏதாவது ஒரு நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. இப்போது அது குறைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

அதிலும் ஒரே ஆளின் வெப்பம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு மிகக் குறைவு. மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் உச்சம். நடுவே ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறி இறங்கும். பெண்களுக்கு மாதச் சுழற்சியின் முதல் பாதியில் குறைவாகவும், கருமுட்டை வெளியான பிறகு அரை டிகிரிக்கு மேல் கூடுதலாகவும் இருக்கும். வயதானவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் கம்மி. அக்குளில் எடுத்தால் வாயில் எடுப்பதைவிட அரை முதல் ஒரு டிகிரி குறைத்துக் காட்டும். ஆக, காலையில் எழுந்தவுடன் அக்குளில் 96.4 என்று வந்தால் அது நோயே இல்லை.

டாக்டர்கள் கவலைப்படும் கோடு 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 செல்சியஸ். அதுவும் தோலின் வெப்பம் அல்ல, உடம்பின் உள்வெப்பம்.

துப்பாக்கியை ஓரமாக வையுங்கள்

நெற்றியில் நீட்டும் கருவி அளப்பது தோலிலிருந்து வரும் வெப்பத்தை. பைக்கில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கடல் காற்று வாங்கிக்கொண்டு வந்து இறங்கினால் நெற்றி ஜில்லென்றுதான் இருக்கும். வியர்வை இருந்தாலும் குறையும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கருவியை வெயிலில் உடனே பயன்படுத்தினாலும் தப்பாகக் காட்டும். பல கருவிகளில் ‘உடம்பு’, ‘பொருள்’ என்று இரண்டு முறை உண்டு. பால் பாட்டிலின் சூட்டைப் பார்ப்பதற்கான முறையில் பட்டன் மாறியிருந்தால், நல்ல திடகாத்திரமான ஆளுக்கும் 93, 94 என்று காட்டும். “நாலு நாளா 94, டாக்டர்” என்று நடுங்கிக்கொண்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, “கருவியைக் கொண்டுவந்திருக்கீங்களா?” என்பதுதான்.

பழைய பாதரசத் தெர்மாமீட்டரில் வேறொரு சிக்கல். அதன் கோடுகளே 94, 95இல்தான் ஆரம்பிக்கும். அதற்குக் கீழே உடம்பு எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்குச் சொல்லத் தெரியாது.

சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். சாப்பிட்டோ, டீ குடித்தோ, ஐஸ் வாட்டர் குடித்தோ அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நாக்குக்கு அடியில், பின்பக்கமாக வைத்து வாயை மூடிக்கொள்ளுங்கள். பீப் சத்தம் வரும் வரை பேசக்கூடாது. (எங்கள் ஏரியாவில் இதுதான் கஷ்டம்.) காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒரு வாரம். நேரத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டைவிட இந்த ஒரு துண்டுச்சீட்டு எனக்குப் பயன்படும்.

வாரம் முழுக்க 97ஐ ஒட்டியே வந்து, உடம்பில் வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால், உங்கள் உடம்பின் அளவு அது. டெஸ்ட் எடுக்க வேண்டாம். போய் வேலையைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கை கால் ஜில்லென்று இருப்பதும் உடம்பு குளிர்வதும் வேறு வேறு. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுக்கிறவர்களின் விரல்கள் குளிர்வது இயல்பு. அதே விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து வலித்தால் அது ரத்தக்குழாய் இறுகும் கோளாறு. அதற்கான பரிசோதனைகள் தனி. பதற்றம் இருப்பவர்களுக்கும், பிரஷருக்காக சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும்கூட கை கால் சில்லிடும். உள்ளே தெர்மாமீட்டர் 98 காட்டும்.

முதலில் சர்க்கரை

அளந்தது சரிதான், ஆனாலும் தொடர்ந்து 96க்குக் கீழேதான் வருகிறது. கூடவே சோர்வு, குளிர் தாங்காமை, எடையில் மாற்றம் என்று ஏதோ ஒன்றும் இருக்கிறது. இப்போது தேட வேண்டியதுதான்.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானை சூடாகவில்லை என்றால் கேஸ் தீர்ந்திருக்கலாம், அடுப்பைச் சிறிதாக வைத்திருக்கலாம், மூடி சரியாக மூடாமல் ஆவி வெளியே போகலாம். உடம்பிலும் இதே மூன்றுதான். எரிபொருள் இல்லை, எரியும் வேகம் குறைவு, சூடு வெளியே போகிறது.

எரிபொருளில் முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் வியர்த்து, குளிர்ந்து, தடுமாறினால் தெர்மாமீட்டரைத் தேடாதீர்கள், குளுக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108தான். மதுவும் இந்தக் கணக்கில் வரும். குடித்தவுடன் உடம்பு சூடாவதுபோல் தோன்றுவதற்குக் காரணம், தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதுதான். உண்மையில் அந்த வழியாகச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரையும் இறங்கும். மூடியும் திறந்தது, கேஸும் தீர்ந்தது.

அடுத்தது ரத்தசோகை. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இரும்புச்சத்து குறைந்தால் குளிரில் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. ஆகவே முழு ரத்தப் பரிசோதனையும், அதில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். கூடவே கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை. ‘இது வேற டாக்டரா’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பட்டியலில் யாரும் கண்டுகொள்ளாத சோடியம்தான் பின்னால் ஒரு பெரிய துப்பு கொடுக்கப்போகிறது.

பரிசோதனைக்கு முன்னால் மருந்துச் சீட்டையும் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரைகள், மனநோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் உடல் வெப்பத்தைக் குறைக்கும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

தைராய்டு என்னும் அடுப்பு

‘உடம்பு சூடாக இல்லை’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தைராய்டு. அதில் தப்பில்லை. அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதுதான். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. சோர்வு, மலச்சிக்கல், வறண்ட தோல், முகவீக்கம், குரல் கனத்தல், அதிக மாதவிலக்கு, மெதுவான நாடி ஆகியவற்றோடு குளிர் தாங்காமையும் சேர்ந்தால் தைராய்டு பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால், தெர்மாமீட்டரை மட்டும் வைத்துத் தைராய்டு நோயை முடிவு செய்யக்கூடாது. அப்படிச் செய்யலாம் என்று சொன்னவர் ப்ரோடா பார்ன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர். 1942இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைய வாட்ஸ்அப் வீடியோ வரை அந்த யோசனை உயிரோடு இருக்கிறது: காலையில் கண் விழித்ததும் அக்குளில் வைத்துப் பாருங்கள், 97.8க்குக் கீழே வந்தால் தைராய்டு. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். காலை நேரம் குறைவு, அக்குள் குறைவு. இப்படி அளந்தால் தெருவில் பாதிப் பேருக்குத் தைராய்டு நோய் வந்துவிடும். 1990வாக்கில் இன்னொரு அமெரிக்க டாக்டர் தன் பெயரிலேயே ‘வில்சன் வெப்ப நோய்’ என்று ஒன்றை அறிவித்து, ரத்தப் பரிசோதனை நார்மலாக இருப்பவர்களுக்கும் தைராய்டு ஹார்மோன் கொடுக்கச் சொன்னார். அப்படி ஒரு நோய்க்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2005இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. தேவையில்லாமல் தைராய்டு மாத்திரை சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

டிஎஸ்எச் பரிசோதனைதான் நுழைவாயில். அது லேசாகக் கூடியிருந்தால், உடனே மாத்திரையைத் தொடங்காமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே வழக்கம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. பத்துக்கு மேல் போனால் சிகிச்சை தேவை. ஒரு சின்ன எச்சரிக்கை: முடி வளர்வதற்காக விற்கும் மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின், இந்த ரத்தப் பரிசோதனையையே ஏமாற்றிவிடும். சாப்பிடுபவர்கள் லேபுக்குப் போகும் முன்பே டாக்டரிடம் சொல்லி, சில நாள் நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

‘டிஎஸ்எச் நார்மல்’ என்றால் முடிந்ததா?

பெரும்பாலும் முடிந்தது. ஆனால், ஒரு வகைப் பெண்களுக்கு முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

வயது நாற்பதை ஒட்டி இருக்கும். எப்போதும் சோர்வு. சென்னை வெயிலிலும் போர்வை கேட்பார். முகம் வெளுத்திருக்கும். ஏற்கெனவே நாலைந்து இடத்தில் சத்து ஊசி, குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஏற்றியபோது இரண்டு நாள் தெம்பு, பிறகு பழைய கதை. டிஎஸ்எச் ரிப்போர்ட் கையில் இருக்கும், நார்மல் என்று. இப்படி ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனதா? குழந்தைக்குப் பால் சுரந்ததா? அதன் பிறகு மாதவிலக்கு திரும்பி வந்ததா?

“ரத்தம் ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு டாக்டரு. பொழச்சதே பெரிசுன்னாங்க. பாலு வரவே இல்ல, பொட்டிப் பாலுதான் குட்த்தோம். அதுக்கப்புறம் தலைக்கு ஊத்திக்கினதே இல்ல. சீக்கிரமே நின்னுடுச்சுன்னு வுட்டுட்டோம்.”

மூன்றுக்கும் இதுபோல் பதில் வந்தால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்தச் சுரப்பி பெரிதாகிறது. அதற்கு ரத்தமும் அதிகம் தேவைப்படுகிறது. பிரசவத்தில் ரத்தம் மளமளவென்று போய் பிரஷர் இறங்கினால், சுரப்பியின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் செத்துப்போகும். 1937இல் ஹரால்ட் ஷீஹன் என்ற பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் இதை விளக்கி எழுதியதால், ஷீஹன் நோய் என்று பெயர். பிரசவ மருத்துவம் முன்னேறிய நாடுகளில் இது அரிதாகிவிட்டது. நம் நாட்டில் அப்படி இல்லை. காஷ்மீரில் குழந்தை பெற்ற பெண்களிடையே எடுத்த ஒரு கணக்கெடுப்பில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்று 2005இல் எழுதினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் பிரசவம் ஆனவர்கள். தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் என்பதால், அந்தக் கணக்கை இங்கே அப்படியே வைக்க முடியாது. ஆனால், இருபது வருடம் முன்பு பெற்றவர்கள் இன்று நம்மோடுதான் இருக்கிறார்கள். இந்த நோய் கண்டுபிடிக்கப்பட பல வருடங்கள் ஆவது சகஜம்.

பிட்யூட்டரிதான் தைராய்டுக்கும் அட்ரீனலுக்கும் மேஸ்திரி. டிஎஸ்எச் என்பது மேஸ்திரி தைராய்டுக்குக் கொடுக்கும் குரல். சாதாரணத் தைராய்டு நோயில் வேலையாள் தூங்குவதால் மேஸ்திரி சத்தமாகக் கத்துகிறார், டிஎஸ்எச் ஏறுகிறது. இங்கே மேஸ்திரிக்கே உடம்பு சரியில்லை. கத்த முடியவில்லை. அதனால் டிஎஸ்எச் நார்மலாகவோ குறைவாகவோ இருக்கும். வேலை மட்டும் நடக்காது. எனவேதான் இவர்களுக்கு டிஎஸ்எச் மட்டும் போதாது. எஃப்டி4 சேர்த்துப் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தால் கதை பிடிபட்டுவிட்டது. முன்பு சொன்ன சோடியமும் இவர்களுக்குக் குறைந்திருக்கும்.

இங்கேதான் வரிசை முக்கியம். எஃப்டி4 குறைவு என்று பார்த்தவுடன் தைராய்டு மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. அதற்கு முன் காலை எட்டு மணி கார்ட்டிசால் பார்க்க வேண்டும். கார்ட்டிசால் அட்ரீனல் சுரப்பியில் உண்டாவது. பிரஷரையும் சர்க்கரையையும் தாங்கிப்பிடிப்பது. அதுவும் மேஸ்திரியின் பேச்சைக் கேட்டுத்தான் சுரக்கும். ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் கார்ட்டிசாலை, தைராய்டு மாத்திரை வேகமாகச் செலவழித்துத் தீர்த்துவிடும். பிரஷர் இறங்கி, வாந்தி எடுத்து, மயங்கி விழுந்து உயிரே போகலாம். முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மருந்து, சில நாள் கழித்து தைராய்டு மாத்திரை. இதுதான் சரியான வரிசை.

எட்டு மணி என்பதிலும் அர்த்தம் இருக்கிறது. கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும். சாயங்காலம் தானாகவே இறங்கிவிடும். வேலை முடித்துவிட்டு மாலை லேபுக்குப் போய் எடுத்தால், நல்ல உடம்புக்காரருக்கும் குறைவாகத்தான் வரும். காலை அளவு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15, 18 என்று தாண்டினால் பயமில்லை. நடுவில் இருந்தால், ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டிவிட்டு மறுபடி அளப்பார்கள். பிறகு பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ. எடுத்தவுடன் எம்ஆர்ஐ வேண்டாம். ரத்தப் பரிசோதனை சொன்ன பிறகுதான் படம்.

மருந்து தொடங்கினால் மாற்றம் கண்கூடாகத் தெரியும். வருடக்கணக்காகச் சோம்பேறி என்று பெயர் வாங்கியவர், சில வாரங்களில் எழுந்து நடமாடுவார். மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். காய்ச்சல், ஆபரேஷன் நேரங்களில் அளவைக் கூட்ட வேண்டும்.

பொட்டலத்தில் வரும் ஸ்டீராய்டு

கார்ட்டிசால் குறைவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, அட்ரீனல் சுரப்பியையே காசநோய் தாக்குவது. 1855இல் தாமஸ் அடிசன் இந்தச் சுரப்பியின் நோயை விவரித்தபோதே காசநோய் முக்கியக் காரணம். நம் நாட்டில் இன்னும் அப்படித்தான். எடை இறங்கி, உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்து, உப்பு உப்பாகத் தின்னத் தோன்றினால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி பார்ப்பது. மூட்டை தூக்கி, கண்டெய்னர் ஏற்றி முதுகு விட்டுப்போனவர்கள் மூட்டுவலிக்கு எங்கோ பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்ட அரை நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பிக் களையாகக்கூட இருக்கும். இவ்வளவு அற்புதமான மாத்திரை என்றாலே அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சொந்த அட்ரீனல் வேலையை நிறுத்திவிடும். ஒருநாள் பொட்டலம் தீர்ந்து திடீரென்று நிறுத்தினால், உடம்பில் கார்ட்டிசாலே இருக்காது. சோர்வு, குளிர், வாந்தி, பிரஷர் இறக்கம். “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க அண்ணே?” என்றால், “சும்மா வலி மாத்திரைதான்” என்பார்கள். அந்தப் பொட்டலத்தையே கொண்டுவாருங்கள். இப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ஸ்டான்லி மருத்துவமனையின் பொது மருத்துவப் புறநோயாளிகள் பிரிவிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு வாரத் துண்டுச்சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள், பழைய பிரசவ டிஸ்சார்ஜ் அட்டை ஆகிய மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள். பெரிய பேக்கேஜ் எதுவும் முன்கூட்டியே எடுக்க வேண்டாம். நான் பார்த்தவரை, அந்தப் பேக்கேஜ்களில் வைட்டமின் முதல் கொழுப்பு வரை எல்லாம் இருக்கும். காலை எட்டு மணி கார்ட்டிசால் மட்டும் இருக்காது.

ஆயாவுக்கு ஜில்லென்றால் காத்திருக்காதீர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தேட வேண்டியவை. இனிச் சொல்வது அப்படியல்ல.

சென்னையில் மார்கழிக் குளிரில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது எப்போதாவதுதான். இந்த ஊரில், வீட்டுக்குள் படுத்திருக்கும் வயதானவரின் உடம்பு 95க்குக் கீழே போனால், வெளிக்குளிரை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. உள்ளே ஏதோ நடக்கிறது. கடுமையான கிருமித்தொற்றில் இளைஞர்களுக்குக் காய்ச்சல் ஏறும்; வயதானவர்களுக்குச் சில நேரம் ஏறாது, மாறாக இறங்கும். 96.8க்குக் கீழே இறங்குவதை, காய்ச்சலுக்குச் சமமான அபாய அறிகுறியாக 1992லிருந்தே டாக்டர்கள் ஒரு பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நேற்று வரை நன்றாகப் பேசிய ஆயா இன்று ஏதோ உளறுகிறார், மூச்சு வாங்குகிறார், சிறுநீர் குறைந்துவிட்டது, உடம்பு ஜில்லென்று இருக்கிறது என்றால் நிமோனியாவாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம். ‘காய்ச்சல்தான் இல்லையே, காலைல பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே கூடாது. ஆஸ்பத்திரியில் ரத்தக் கல்ச்சர், சிறுநீர்ப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை எல்லாம் ஒரே மூச்சில் எடுப்பார்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து நிறுத்தியவராக இருந்தால், அதை மறக்காமல் சொல்லுங்கள். தைராய்டு முற்றிலும் படுத்து, உடம்பு குளிர்ந்து, நினைவு தப்பும் நிலை ஒன்று இருக்கிறது. அதுவும் அவசர சிகிச்சைதான்.

பச்சைக்குழந்தைக்கும் இதே அவசரம். பிறந்த குழந்தையின் வெப்பம் 97.7க்குக் கீழே போகக்கூடாது. குளிர்ந்திருந்தால் துணியை விலக்கி, அம்மாவின் மார்போடு தோல் தோலில் படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தலைக்குக் குல்லா. குழந்தை பால் குடிக்காமல் துவண்டிருந்தால், போர்த்தியபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஆம்புலன்ஸ் வரும் வரை என்ன செய்யலாம்? ஈரத்துணி இருந்தால் மாற்றுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள், முகத்தை மட்டும் விட்டுவிட்டு. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால், இளஞ்சூடாகச் சர்க்கரை போட்ட பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பிராந்தி ஒரு மூடி கொடுத்தால் சூடேறும் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் கேட்காதீர்கள். பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி குறைந்த காலில் தோல் வெந்துபோனால்கூடத் தெரியாது. உள்ளங்காலைப் பரபரவென்று தேய்க்கவும் வேண்டாம். 108க்குப் போன் செய்யும்போது “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், “வயசானவங்க, உடம்பு சில்லுன்னு இருக்கு, நினைவு தடுமாறுது” என்று சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் ஒரு பையில் போட்டு, ஆம்புலன்ஸில் கூடவே எடுத்துப்போங்கள்.